தண்ணியில்லாக் காடும் இளம் மருத்துவரும்

அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சினம் வந்தால் அவர் வாயிலிருந்து புறப்படும் முதற்சொல் நம் அனைவருக்கும் தெரியும்: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!” அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. முகவை மாவட்டத்தை, அதிலும் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து ஊர்களைத்தான் அச்சொல் சுட்டுகிறது என்பது ஆசிரியர் முதல் காவலர் வரை அரசுப் பணியாளர் எல்லாருக்கும் மனப்பாடம். திரைப்படத்தில் அது நகைச்சுவை. மேடையில் அது கைதட்டல். இம்மண்ணில் பிறந்து, இக்கண்மாய் நீரைக் குடித்து வளர்ந்த நாமும் சேர்ந்தே சிரித்துப் பழகிவிட்டோம்.

சிரித்ததன் விலையை இப்போது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் ஊருக்கு வருவதே தண்டனை என்று ஆகிவிட்டால், அங்கு வருகிறவர் எல்லாரும் தம்மைக் கைதி என்றே எண்ணிக்கொள்வர். கைதி நாள் எண்ணுவார். ஊரைப் பார்க்க மாட்டார். பள்ளியில் நாள் எண்ணும் ஆசிரியரால் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது. மருத்துவமனையில் நாள் எண்ணும் மருத்துவரால் உயிரே போகிறது.

இந்தச் சொல் இன்று மருத்துவம் பயிலும் பிள்ளைகளின் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. சுழற்சிப் பயிற்சியில் மகனோ மகளோ சிற்றூர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார் என்று தெரிந்தவுடன் பெற்றோர் பதறுகின்றனர். யாரைப் பிடித்தால் மாற்றலாம் என்று விசாரிக்கின்றனர். சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் முதல் பங்குத் தந்தை வரை பரிந்துரைக்காக வாயில்கள் தட்டப்படுகின்றன. “அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்? காய்ச்சலும் கழிச்சலும்தானே!” என்பது அவர்கள் முன்வைக்கும் வாதம்.

இந்த வாதம் தவறானது என்பதே இக்கட்டுரையின் கட்சி. கமுதி போன்ற ஓர் ஊரில் நின்று பாராமல் முடிகிற மருத்துவப் பயிற்சி அரைகுறைப் பயிற்சி. அதைத் தட்டிக்கழிக்க உதவுகிற பெற்றோரும், கண்டும் காணாமல் விடுகிற கல்லூரிகளும், வேண்டிய வசதியைச் செய்து தராத அரசும், வந்த பிள்ளையை மதியாத பொதுமக்களாகிய நாமும் இதில் பங்குடையவர்கள்.

ஏட்டில் இருப்பது என்ன?

மருத்துவப் படிப்பின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். நாலரை ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சி. நம் ஊர்ப்புறத்தில் “ஹவுஸ் சர்ஜன்” என்று அழைக்கப்படுகிறவர் இந்த ஓராண்டுக் காலத்தில் இருப்பவரே. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், எலும்பு, கண், அவசரப் பிரிவு என்று வாரக்கணக்கில் பிரிவுக்குப் பிரிவு மாறிச் செல்வதால் அது சுழற்சி எனப்படுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் வகுத்த விதிகளின்படி இவ்வோராண்டில் 12 வாரங்கள் சமூக மருத்துவத்துக்கு உரியவை. வேறெந்தப் பிரிவுக்கும் இத்தனை வாரங்கள் ஒதுக்கப்படவில்லை. ஊர்ப்புறத்தைப் பார்த்து வருவது பயிற்சியின் ஓரத்தில் ஒட்டவைத்த துணுக்கு அன்று. சட்டத்தின் கண்ணில் அதுவே மிகப் பெரிய பகுதி.

இது புதிய எண்ணமும் அன்று. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, சமூகத்தை அறிந்த மருத்துவரே இந்தியாவுக்குத் தேவை என்று கூறி, நோய்த் தடுப்பு, சமூக மருத்துவம் ஆகியவற்றில் மூன்று மாதப் பயிற்சியை வற்புறுத்தியது. 1977இல் மருத்துவக் கல்வியை மக்கள்பால் திருப்பும் திட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் நலப் பொறுப்பை ஏற்க வேண்டும், அதற்கென நடமாடும் மருத்துவ ஊர்திகள் தரப்படும் என்றார்கள். ஊர்திகள் வந்தன, சில ஆண்டுகளிலேயே திட்டம் தேய்ந்து பெயரளவில் நின்றது. 2022இல், ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலிருந்தே சிற்றூரில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களது நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது ஏன்? அறிவுரை பழுதானது என்பதாலன்று, செவிகள் அடைத்திருந்ததால். பேருந்து ஒன்று ஊர் எல்லையில் வந்து நிற்கிறது. மாணவர்கள் இறங்குகின்றனர். ஆலமரத்தடியில் ஒரு மருத்துவ முகாம், ஒரு பதாகை, ஒரு நிழற்படம், பதிவேட்டில் ஒரு கையொப்பம், பொட்டலச் சோறு, மாலையில் திரும்பப் பயணம். இப்படிக் கழிந்த நாளுக்குப் பெயர் களப்பயிற்சி என்றால், கடற்கரையில் கால் நனைத்தவரை மீனவர் என்று அழைக்கலாம்.

உள்ளுறைப் பயிற்சி ஆண்டை அரிக்கும் இன்னொரு செல்லும் உண்டு: முதுநிலை நுழைவுத் தேர்வு. நோயாளியின் படுக்கையருகே நிற்க வேண்டிய பிள்ளை, சட்டைப்பையில் அலைபேசியை வைத்துக்கொண்டு நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்களை மனனம் செய்கிறது. மூன்று மாதம் சமூக மருத்துவம் என்றால் மூன்று மாதம் படிப்பு விடுமுறை என்றே பலர் பொருள் கொள்கின்றனர். பிள்ளையை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. இந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணால் வாழ்க்கை மாறும் என்று அவர் காதில் ஓதியவர்கள் நாம்தாம்.

முதல் மணி நேரம்

“காய்ச்சலும் கழிச்சலும்தானே” என்ற வாதத்துக்கு வருவோம். கமுதி வட்டாரத்தின் நிலத்தை எண்ணிப் பாருங்கள். குண்டாற்றுப் படுகை, மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சீமைக் கருவேல், அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள். வரப்பில் நடப்பவர், முள்ளை வெட்டுபவர், அறுவடைக் களத்தில் காவல் கிடப்பவர், தரையில் பாய் விரித்து உறங்குபவர் ஆகிய அனைவருக்கும் பொதுவான ஓர் இடர் உண்டு. அது பாம்பு.

2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. இந்த நோயை எங்கே கற்பது? மாநகரத்துப் பெரிய மருத்துவமனையில் என்பர் சிலர். அங்கே பயிற்சி மருத்துவர் காண்பது கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டுமே. மூச்சுக் கருவியில் கிடக்கிறவரையும், சிறுநீரகம் செயலிழந்தவரையும் அவர் பார்க்கிறார். கடிபட்டபின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டில் ஒற்றை வரியாக மட்டும் இருக்கும்: “வெளி மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்.”

அந்த ஒற்றை வரிக்குள்ளேதான் உயிரும் சாவும் இருக்கின்றன. கமுதியிலிருந்து இராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 2008இல் வந்த 108 ஊர்தி விரைவாகச் செல்லும் என்றாலும் சாலையின் நீளத்தை அது சுருக்க இயலாது. எனவே கடிபட்டவருக்கு நச்சுமுறிவு மருந்து தொடங்கப்பட வேண்டிய இடம் அருகிலுள்ள அரசு மருத்துவமனையே. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. விரியன் கடித்ததா, நஞ்சு இரத்தத்தில் இறங்கியதா என்று அறிய, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். உறைந்தால் அப்போதைக்கு ஆறுதல்; உறையாவிட்டால் மருந்தை உடனே ஏற்ற வேண்டும். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கைக்கடிகாரம், பொறுமையுள்ள ஒரு மருத்துவர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

கட்டு விரியனோ வேறு வகை. இரவில், உறக்கத்தில் கடிக்கும். கடிவாய் வீங்காது, வலியும் அதிகம் இராது. விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்று எழுந்து வருவார், சற்று நேரத்தில் இமைகள் தாமாகவே இறங்கும், விழுங்க இயலாது, பின் மூச்சு முட்டும். வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் வீடு போய்ச் சேர்வது ஐயம். “ராத்திரி தரையிலா படுத்திருந்தீங்க?” என்ற ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றும். அக்கேள்வி பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் தரையில் படுப்பவர்களை ஒருநாளும் பாராத பிள்ளைக்கு அது உரிய வேளையில் நாவில் வராது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நச்சுமுறிவு மருந்தைக் கண்டு அஞ்சும் மருத்துவர் பலர். மருந்து ஒவ்வாமல் நோயாளிக்கு மூச்சுத் திணறினால் என் செய்வது என்பது அவர்களது அச்சம். அதற்கும் முறி உண்டு. அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு அருகிலேயே நிற்க வேண்டும். நின்று பழகாதவர் கை நடுங்கும். கை நடுங்குகிறவர் “மேல் சிகிச்சைக்கு” என்று எழுதி அனுப்பிவிடுவார். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்துப் பாம்பின் நஞ்சை எடுத்துத் தருகிறார்கள். அந்நஞ்சிலிருந்து உருவாகும் மருந்து நாடெங்கும் வருகிறது. மருந்துப் பெட்டி ஊரில் இருக்கிறது; அதைத் திறக்கத் துணிந்த கை இல்லாததால் சாலையில் ஓர் உயிர் போகிறது. தண்டனை இடம் என்று தட்டிக்கழித்த பயிற்சியின் பலன் இதுவே. நேற்று கற்காத பிள்ளை இன்று மருத்துவ அலுவலர். அவர் அஞ்சி அனுப்பியவரை மாநகரத்தில் இன்னொரு பயிற்சி மருத்துவர் காலங்கடந்து காண்கிறார். அவரும் முதல் மணி நேரத்தைக் காணாமலே அலுவலராகிறார். இந்தச் சங்கிலியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

நோயின் அளவையும் நோயாளியின் நிலையையும் மட்டுமன்றிக் காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தார். அந்தக் காலம் கமுதியில் தொடங்குகிறது, மதுரையில் அன்று.

பாம்புக் கடி ஒரு சான்றுதான். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், புதிதாக நோய் கண்டறியப்பட்டவருள் யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை மிக எளிய அடையாளங்களைக் கொண்டே பிரித்தறிகிறது. எடை மிகக் குறைந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு எத்தனை முறை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? இவற்றைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். நோயாளியை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பார்க்கும் மனம் வேண்டும். கரிமூட்டத்தில் வேலை செய்கிறவரிடம் “மூன்று வாரம் ஓய்வெடுங்கள்” என்று எழுதிக் கொடுப்பது எத்துணை எளிது! அன்றன்றைக் கூலியில் அடுப்பெரியும் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை அப்படி எழுதும்முன் சற்று யோசிக்கும். அதைக் காட்டிலும் நடக்கக்கூடிய வழியொன்றைத் தேடும்.

மொழியையும் மறத்தலாகாது. நம் மக்களுக்கு நோய் ஆங்கிலத்தில் வருவதில்லை. “கிறக்கமா வருது”, “நெஞ்சைக் கரிக்குது”, “ஓங்கரிச்சுக்கிட்டே இருக்கு”, “கை காலெல்லாம் கடுக்குது” என்றுதான் வரும். ஒவ்வொன்றும் ஒரு தனி நோய்க்குறி. நாலரை ஆண்டு ஆங்கில நூல்களைப் படித்த பிள்ளை இச்சொற்களுக்கு முன் திகைத்து நிற்பதுண்டு. ஆண்டிப்பட்டியிலும் அரியலூரிலும் வேறு வேறு சொற்கள். நோயாளி வாய் திறக்கும்போது கவனித்துக் கேட்பதே மருத்துவத்தின் பாதி என்றால், அந்தப் பாதியைக் கற்பிக்கும் பேராசிரியை புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் கிழவியே.

எதிர்வாதங்கள்

நம் கட்சிக்கு மறுப்புகள் உண்டு. அவற்றை மறைக்க மாட்டோம். “தங்க இடமில்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. இந்நிலையில் எப்படிப் பிள்ளையை அனுப்புவது?” என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பயிற்சி மருத்துவர் கல்லால் ஆனவர் அல்லர். பூட்டக்கூடிய அறையும், இரவில் எரியும் விளக்கும், குடிநீரும் இல்லாத இடத்துக்கு ஓர் இளம்பெண்ணை அனுப்பிவிட்டு, வரவில்லை என்று நோட்டீசு விடுவது அறமாகாது. அதைவிடப் பெருங்குறை மேற்பார்வை இன்மை. கற்பிக்கும் மூத்த மருத்துவர் உடனில்லாமல் பயிற்சி மருத்துவரைத் தனியே விட்டுவைப்பது பயிற்சியன்று. அவரையும் நோயாளியையும் ஒருசேரக் கைவிடுதல். இக்குறைகள் அரசின் பொறுப்பு. ஆனால் இவற்றுக்கான பரிகாரம் அறையைக் கட்டுவதும் மூத்தவரை அமர்த்துவதுமே. ஊரைக் கைவிடுவது அன்று. தண்ணீர் இல்லை என்பதால் மருத்துவரும் வேண்டாம் என்பது, பசித்தவனுக்கு உடையும் கிடையாது என்பது போன்ற நீதி.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே நடுங்கியது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மூத்த மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். இவ்விரு கொடுமைகளும் நிகழ்ந்த இடங்கள் எவை? மாநகரங்கள். பாதுகாப்பின்மை சிற்றூரின் தனிச்சொத்து என்று எண்ணுகிறவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பூட்டும், விளக்கும், காவலும் எல்லா மருத்துவமனைகளுக்கும் உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறுவோம். ஆனால் கமுதியை மட்டும் அச்சத்தின் பெயரால் தள்ளிவைக்க வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு முன்னேற்றம் பற்றியது. சிற்றூரில் காலத்தைக் கழித்தால் மேற்படிப்பு கைநழுவும் என்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. அரசுப் பணியில் சேர்ந்து, எளிதில் அணுக இயலாத பகுதிகளில் உழைத்த மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் சலுகை வழங்கி அவர்களைச் சிற்றூர்களில் நிலைக்கச் செய்தது தமிழ்நாட்டின் நெடுங்கால வழக்கம். அதற்கு ஊறு வந்தபோது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் வழக்காடியது. பணியிலுள்ளோர்க்குத் தனி ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. ஆக, சிற்றூருக்குச் செல்லும் சாலை மேற்படிப்புக்கும் செல்கிறது.

நான்காவதாக ஒன்று. மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினர். கட்டடம் எழாத நிலையில், 2022இல் அதன் முதல் அணி மாணவர் 50 பேரை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாக அமர்த்தினர். சொன்ன கட்டடத்தைக் கட்டித் தராதது பெரும் பிழை; அம்மாணவரின் மனக்குறை முற்றிலும் நியாயமே. ஆனால் அப்போது எழுந்த பேச்சுகளில், “போயும் போயும் இராமநாதபுரத்திலா?” என்ற தொனியும் கலந்திருந்தது. கட்டடத்துக்காக வாதாடியவர்களோடு நாம் நிற்கிறோம். ஊரைப் பழித்தவர்களோடு நிற்க இயலாது.

நமக்கும் ஒரு பங்கு

அன்பார்ந்த வாசகர்களே, இதுவரை பிறரைப் பேசினோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம் பங்குகளில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் தேர்வு பெற்ற நாளில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பீடத்தின் முன் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்கள் எங்கே பணியாற்றப் போகிறார்கள் என்று எந்த அன்பியக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா? “டாக்டர் மாப்பிள்ளை”க்கு என்ன விலை என்று கேட்டது உண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்ற இருவரைப் பற்றிய உவமையை ஆண்டுதோறும் கேட்டுத் தலையசைக்கிறோம். எரிகோவுக்குச் செல்லும் சாலையும் அக்காலத்தில் எவரும் விரும்பிச் செல்லும் சாலையாக இருந்திருக்காது.

நம் முன்னோடிகள் வேறு வகையில் கணக்கிட்டனர். ஆஸ்திரேலியாவில் மருத்துவராகப் புகழ்பெறத்தக்க நிலையிலிருந்த மேரி குளோரி, 1920இல் குண்டூருக்கு வந்து துறவற சபையில் சேர்ந்தார். அருள்சகோதரியர் மகப்பேறு மருத்துவம் செய்வதற்குத் திருச்சபைச் சட்டமே தடையாயிருந்த காலம் அது. தனி அனுமதி பெற்றே அவர் பணியாற்றினார். அதே தடையை எதிர்கொண்டு அன்னா டெங்கல் அம்மையார் 1925இல் மருத்துவப் பணிச் சகோதரியர் சபையைத் தொடங்கினார். 1936இல் உரோமை அத்தடையை நீக்கியது. 1943இல் குளோரி அம்மையார் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். அவர் கனவு கண்ட கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி, அவர் மறைந்தபின் 1963இல் பெங்களூரில் தூய யோவான் கல்லூரியாக எழுந்தது. வேலூரிலோ, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். சாலையோர மரத்தடிகளில் அவர் நடத்திய மருத்துவமே அங்குப் பயின்றவர்களுக்கு வகுப்பறையாயிற்று. இவர்களுள் எவரும் சிற்றூரைத் தண்டனை என்று கருதவில்லை; கருதியிருந்தால் இன்று நாம் பெருமை பேச எதுவும் மிஞ்சியிராது. ஓரியூர் மண்ணும் நமக்கு இதையே சொல்கிறது. மறவர் நாட்டிலிருந்து துரத்தப்பட்டுப் போர்ச்சுகல் வரை சென்ற அருளானந்தர், 1690இல் தாமே விரும்பித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே உயிரைத் தந்தார்.

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவரை நாம் நடத்தும் விதமும் சொல்லத்தக்கதாக இல்லை. “பெரிய டாக்டரைக் கூப்பிடு” என்று முகத்துக்கு நேரே சொல்கிறோம். இருபத்திரண்டு வயதுப் பெண் வெள்ளை அங்கியோடு வந்தால் “நர்ஸம்மா” என்கிறோம். அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் அருகில் நிற்கும் ஆண் பணியாளரைப் பார்க்கிறோம். ஊசி போடாவிட்டால் மருத்துவமே பார்க்கவில்லை என்று வெளியே போய்ப் பேசுகிறோம். இரவு இரண்டு மணிக்கு அவர் செய்த உதவியை மறந்து, விடிந்தபின் வரும் மூத்தவருக்கு நன்றி சொல்கிறோம். அவர் மனம் கசந்து, நாள் எண்ணத் தொடங்கினால் அதில் நம் கையும் இருக்கிறது.

காலம் மாறத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அறிகுறிகளும் உண்டு. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று இராமநாதபுரத்தில் அமைந்தது. ஆண்டுக்கு 100 மாணவருக்கு அங்கே இடமுண்டு. நாலரை ஆண்டைக் கூட்டினால், அதன் முதல் அணி உள்ளுறைப் பயிற்சிக்கு வரும் காலம் 2026–27. அதேபோல், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அதன் வழியே வரும் பிள்ளைகள் கமுதி போன்ற ஊர்களின் பிள்ளைகள். பிறர் தண்ணியில்லாக் காடு என்று ஏளனம் செய்யும் இடம் அவர்களுக்குத் தாய் வீடு. அவர்கள் கரிமூட்டத்தின் புகையை அறிவார்கள். “கிறக்கம்” என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டாமல் அறிவார்கள். அப்பிள்ளைகளிடமும், “படித்து முடித்ததும் இந்த ஊரைவிட்டு ஓடிவிடு” என்று நாம் ஓதுவோமானால், நம்மைவிட இம்மண்ணுக்குப் பகைவர் வேறு எவர்?

வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எள்ளப்பட்ட இதே கமுதி வட்டாரத்தில், செங்கப்படையில், 2016இல் 648 மெகாவாட் கதிரவன் மின்நிலையம் எழுந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த அத்தகைய நிலையங்களுள் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. பொறியாளர்கள் இங்கு வந்து தங்கினார்கள், வெயிலைப் பழிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது இங்கே இருந்தது, ஆகவே வந்தார்கள். மருத்துவம் பயில்கிறவர்களுக்கு வேண்டியதும் இங்கே இருக்கிறது. வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பவை இவை. இராமநாதபுரம் கல்லூரியின் பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் தம் 12 வாரங்களில் சில வாரங்களையேனும் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணியோடு கழிக்கட்டும். அவர்களுக்குப் பூட்டக்கூடிய தங்குமிடமும் குடிநீரும் முதலில் கட்டித் தரப்படட்டும். கற்பிக்கும் மூத்த மருத்துவர் ஒருவர் உடன் இருப்பது கட்டாயமாகட்டும். பதிவேட்டுக் கையொப்பத்துக்குப் பதிலாக, இத்தனை பாம்புக் கடி, இத்தனை மகப்பேறு, இத்தனை காசநோயாளர் என்று அவர்கள் கண்டதும் செய்ததும் கணக்கில் எழுதப்படட்டும். நம் பங்குப் பேரவைகளும் சும்மா இருத்தல் தகாது. வரும் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவும், பேச ஓர் இல்லமும் தர நம்மால் இயலும். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பெற்றோருக்கு, அன்போடும் உறுதியோடும் இல்லை என்று சொல்லவும் இயலும்.

முதலில் ஒன்றை நாம் இன்றே செய்யலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. “தண்ணியில்லாக் காடு” என்ற சொல்லை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். யாரேனும் சொல்லிச் சிரித்தால் உடன் சிரியாதிருப்போம். இவ்வூரில் மக்கள் பிறக்கிறார்கள், நோயுறுகிறார்கள், பிழைத்தெழ விரும்புகிறார்கள். அவர்களிடம் வருவது எவருக்கும் தண்டனை ஆகாது. அப்படி எண்ணுகிறவர் வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு தொழில் பார்க்கட்டும்.